குற்றப்பத்திரிகையில் பெயரில்லாத கைதிகள்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'சிறைவாசிகளும் நம் கடமையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசத் தொடங்கினால் இரவு முழுவதும் பேசலாம். நீங்களும் காலையில் கடை திறக்க வேண்டியவர்கள். எனவே இதில் ஒரே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டுச் சிறைகளில் ஒரு வகைக் கைதிகள் இருக்கிறார்கள். அவர்கள் மீது முதல் தகவல் அறிக்கை கிடையாது, குற்றப்பத்திரிகை கிடையாது, எந்த நீதிபதியும் அவர்களுக்குத் தண்டனை விதித்ததில்லை. ஆனாலும் மாலையில் கொட்டடி பூட்டப்படும்போது அவர்களும் உள்ளே வைத்துப் பூட்டப்படுகிறார்கள். அவர்களில் மிக மூத்தவருக்கு வயது ஆறு.

தாயோடு சிறையில் வாழும் குழந்தைகளைத்தான் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வரும்படி என் சீனியர் என்னைப் பெண்கள் சிறைக்கு அனுப்பினார். எந்த ஊர்ச் சிறை என்பது இங்கே வேண்டாம். கையெழுத்துப் போட வந்த பெண்ணின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். வெளி வாசலில் வாங்கிய கடலைமிட்டாய் என் பையில் இருந்தது. அதை எடுக்கலாமா கூடாதா என்று நான் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெண் வார்டர் சாவிக்கொத்தோடு எங்களைக் கடந்து போனார். அவ்வளவுதான். அந்தச் சிறுமி சட்டென்று கால்களை அகற்றி நின்றாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாள். யாரும் அவளைச் சொல்லவில்லை. சாவிச் சத்தம் கேட்டால் சோதனை போடுவார்கள், சோதனை போட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று அவளுக்கு அந்த உலகம் கற்றுக் கொடுத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை பள்ளி மணிச் சத்தம் கேட்டுப் பையைத் தூக்குவதைப் போல.

'பாப்பா, உனக்கு எந்த ஊரு?' என்று கேட்டேன். 'மூணாம் பிளாக்' என்றாள்.

அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது முற்றத்தில் இரண்டு குழந்தைகள் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கி, தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு கல் உருண்டு போனதும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணின. அது என்ன விளையாட்டு என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. சிறையில் காலையும் மாலையும் கைதிகளை எண்ணிக் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு இடித்தால் மறுபடியும் எண்ணுவார்கள். வெளியே நம் பிள்ளைகள் கடை விளையாட்டு, கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் எண்ணிக்கை விளையாடுகிறார்கள்.

எத்தனை பேர்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 1,537 பெண்கள் 1,764 குழந்தைகளோடு இருந்தார்கள். 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் இது ஒரு பெரிய எண்ணா என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அதைத்தான் சொல்கிறேன். இது பெரிய எண் அல்ல. ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் எண்ணிக்கை. நாடு முழுவதும் சேர்த்து இவ்வளவுதான் என்றால், தீர்க்க முடியாத பிரச்சினை என்று கை கழுவிவிட முடியாது.

வணிகர்கள் கணக்கின் உள்வரிகளைப் பார்க்காமல் விட மாட்டீர்கள் அல்லவா? அந்த 1,537 பெண்களில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களோடு இருந்த குழந்தைகள் மட்டும் 1,479. அதாவது சிறையில் இருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 84 பேருடைய தாய்மார்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்கு நடக்கிறது, அல்லது நடக்கக் காத்திருக்கிறது. முடிவில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தால், அந்தக் குழந்தை உள்ளே கழித்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

ஒரு குழந்தை ஏன் சிறைக்குள் போகிறது? இதை நாம் மறைக்காமல் பேச வேண்டும். ஆண் கைதாகிச் சிறைக்குப் போனால் அவனுடைய பிள்ளைகள் வீட்டில் தாயிடம் இருக்கும். கூலி வேலை பார்த்தாவது அவள் காப்பாற்றுவாள். வாரம் தவறாமல் வந்து மனுப் போட்டு அவனைப் பார்ப்பாள். பெண் கைதானால் நிலைமை தலைகீழ். கணவன் பல நேரங்களில் அந்தப் பக்கமே வருவதில்லை. மாமியார் வீட்டில் 'எங்களுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை' என்பார்கள். பிறந்த வீட்டில் மானம் போய்விட்டது என்று கதவைச் சாத்துவார்கள். பால்குடிப் பிள்ளையாக இருந்தால் தாயோடு போகத்தான் வேண்டும், அது நியாயம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையும், ஐந்து வயதுப் பிள்ளையும் போவது, வெளியே அதற்குச் சோறு போட ஒரு வீடு இல்லை என்பதனால்தான். சிறைச்சாலை அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. நாம் கதவைச் சாத்தினோம், சிறைச்சாலை கதவைத் திறந்தது. எனக்கு இப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1994-இல் ஆர்.டி.உபாத்யாயா என்பவர் விசாரணைக் கைதிகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பிறகு சிறையிலுள்ள குழந்தைகளின் வழக்காகவும் விரிந்தது. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே.சபர்வால் தலைமையிலான அமர்வு அதில் தீர்ப்பளித்தது. சிறையில் தாயோடு இருக்கும் குழந்தையை விசாரணைக் கைதியாகவோ தண்டனைக் கைதியாகவோ நடத்தக் கூடாது. உணவு, உடை, மருத்துவம், கல்வி, விளையாட்டு ஆகியவை அந்தக் குழந்தைக்குச் சலுகை அல்ல, உரிமை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காப்பகமும், மூன்று முதல் ஆறு வரை உள்ளவர்களுக்கு மழலையர் பள்ளியும் வேண்டும். கூடுமானவரை அவை சிறைச் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். பெண் மருத்துவர் முறையாகப் பரிசோதிக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பில் என் மனதைத் தொட்ட உத்தரவு ஒன்று உண்டு. சிறையில் இருக்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் உள்ளூர் அலுவலகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது, அந்தப் பகுதியின் பெயரை மட்டுமே எழுத வேண்டும் என்றார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை பள்ளியில் சேரும்போதும், வேலைக்கு மனுப் போடும்போதும், கல்யாணம் பேசும்போதும் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கக் கூடாது என்று நீதிபதிகள் யோசித்திருக்கிறார்கள். பேர் வைக்கும் சடங்குக்கும் வசதி செய்து தரச் சொன்னார்கள்.

சிறையில் வளரும் குழந்தைகளைப் பற்றி அந்தத் தீர்ப்பில் வரும் விவரங்களையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் பகுதியிலேயே வளர்வதால் ஆண் பிள்ளைகள் பெண்பாலில் பேசுகிறார்களாம். வட இந்தியச் சிறைகளை நினைத்தால் இது விளங்கும். இந்தியில் 'நான் போகிறேன்' என்று சொல்வதற்கே ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. தமிழில் 'போகிறேன்' என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். எனவே நம் பக்கத்தில் இது காதில் விழாது. விழாததால் இல்லை என்று ஆகாது. தாயின் வாய்தாவுக்காக நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் சாலையில் மிருகங்களைப் பார்த்துக் குழந்தைகள் பயந்துபோகின்றன என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். சாலையில் போகும் மாட்டைப் பார்த்து அலறும் குழந்தை!

நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. சில பெரிய சிறைகளில் மாற்றம் வந்திருக்கிறது. 1993 முதல் டெல்லி திகார் சிறையின் பொறுப்பில் இருந்த கிரண் பேடி காலத்தில் அங்கே பெண்கள் சிறையில் குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அவருடைய அரசியல் என்னவாயிற்று என்பது வேறு பேச்சு. நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் பெரிய சிறைக்கு வந்த வசதி சின்னக் கிளைச் சிறைக்கு வருவதில்லை. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை என்று இருக்கும் இடத்தில் யார் மழலையர் பள்ளி நடத்துவார்கள்? அங்கே தாய்க்கு வரும் சோற்றில்தான் பிள்ளைக்கும் பங்கு.

ஜாமீன் என்னும் கதவு

இந்த இடத்தில் நான் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. சிறைக் குழந்தைகளுக்கு உதவி என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? பெருநாளைக்குப் பிரியாணி, புத்தாடை, பிஸ்கட் பாக்கெட், ஒரு ஊஞ்சல், சுவரில் படம் வரைந்த ஓர் அறை. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அழகான சுவர் கட்டிய சிறையும் சிறைதான். அந்தக் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது ஊஞ்சல் அல்ல, தன் தாயோடு வெளியே வருவது. விசாரணைக் கைதியான தாய் வெளியே வருவதற்கு இருக்கும் வழியின் பெயர் ஜாமீன்.

1979-ஆம் ஆண்டை நம் சமுதாய இளைஞர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள், தங்கள் குற்றத்துக்குரிய முழுத் தண்டனையைவிட அதிக காலம் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார்கள். காவல்துறை அதிகாரியாக இருந்த கே.எப்.ருஸ்தம்ஜி அந்தச் சிறைகளைப் பார்த்துவிட்டு எழுதியவை இந்தியன் எக்ஸ்பிரஸில் வெளிவந்தன. அதை எடுத்துக்கொண்டு கபிலா ஹிங்கோரானி என்னும் பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் சிறையில் கிடந்த ஏழைப் பெண் ஒருத்தி, ஹுசைனாரா காத்தூன். குற்றமே சாட்டப்படாமல், சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காகவும், 'பாதுகாப்பு' என்ற பெயரிலும் பெண்கள் சிறையில் வைக்கப்பட்டிருந்தது அந்த வழக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நீதிபதி பி.என்.பகவதியின் தீர்ப்பால், விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று நிலைநாட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் ஏறத்தாழ 40,000 பேர் வெளியே வந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் சேரும் மாணவன் மனப்பாடம் செய்யும் பெயர்களில் அவள் பெயரும் ஒன்று.

அதற்கு முந்தைய ஆண்டு, 1978-இல், மோத்தி ராம் என்னும் கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகு, கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றது. அவனுடைய சகோதரன் வந்தான். அவன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்துத் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார்.

இன்றைக்கும் நீதிமன்ற வராந்தாக்களில் நான் காண்பது அந்தக் கொத்தனாரின் கதைதான். ஜாமீன் உத்தரவு கிடைத்துவிடும். பெண், அதிலும் கைக்குழந்தைக்காரி என்றால் ஜாமீனில் தனியே கருணை காட்டச் சட்டத்திலேயே இடமுண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த அந்த விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. குழந்தையோடு சிறையில் இருக்கும் பெண்களின் வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுத்து விரைந்து முடிக்க வேண்டும் என்று 2006 தீர்ப்பும் சொல்கிறது. ஆனால் உத்தரவுத் தாளில் 'இரண்டு நபர் ஜாமீன்' என்று ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு நபர்களைத் தேடி ஒரு தாய் எங்கே போவாள்? கணவன் இல்லை, அண்ணன் இல்லை, அவளுக்காக ரேஷன் கார்டையும் வீட்டு வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேற யாரும் இல்லை. உத்தரவு கட்டில் தூங்குகிறது. குழந்தை கொட்டடியில் தூங்குகிறது.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2023 ஜனவரி 31 அன்று ஓர் உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஒருவர் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாக முன்வந்து பார்க்கலாம். அதே 2023-இல் மத்திய அரசும் ஏழைக் கைதிகளுக்கான திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் அரசே கொடுக்கும் என்று அப்போது வகுக்கப்பட்டது. போதைப்பொருள் வழக்குகள் உள்ளிட்ட சில வழக்குகளுக்கு அது கிடையாது. இவையெல்லாம் யாருக்குத் தெரியும்? உள்ளே இருக்கும் பெண்ணுக்குத் தெரியாது. மனு எழுதிக் கொடுக்க, ஆணைக்குழு அலுவலகத்துக்கு நான்கு நடை நடக்க, வெளியே ஓர் ஆள் வேண்டும். இளைஞர்களே, அந்த நான்கு நடை உங்களுடையது. இதற்குச் சட்டப் படிப்புத் தேவையில்லை. ஒரு நோட்டும், ஒரு பேனாவும், ஒரு இருசக்கர வாகனமும் போதும்.

வணிகர்களிடம் ஒரு கேள்வி

இப்போது வணிகப் பெருமக்களிடம் வருகிறேன். ஜாமீன் கையெழுத்து என்றாலே நமக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம். வங்கிக் கடனுக்குச் சினேகிதனுக்காகக் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எனவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குற்ற வழக்கு ஜாமீனில் நீங்கள் முன்பணம் கட்டுவதில்லை. அந்தப் பெண் வாய்தாவுக்குத் தவறாமல் வருவாள் என்று உறுதி கொடுக்கிறீர்கள். அவள் தலைமறைவானால் அந்தப் பத்திரத் தொகைக்கு நீங்கள் பொறுப்பு. அப்போதும் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, காரணம் கேட்டு, அதன் பிறகுதான் வசூல். அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நம்பிக்கை போய்விட்டால் இடையிலேயே 'என்னை விடுவியுங்கள்' என்று மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் மாதந்தோறும் வெளியூர்க் கடைக்காரருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறீர்களே, அதைவிட இது குறைந்த ஆபத்து.

முன்பு ஒரு சகோதரர், மளிகை மொத்த வியாபாரம் செய்பவர், என்னிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார்: 'வக்கீல் சார், நம்ம கடையில கை வைக்கிறவளுக்கு நாமளே போய் ஜாமீன் நிக்கணுமா?' நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: 'பாய், அவ திருடியிருந்தா தண்டனை வரட்டும், நான் தடுக்கலை. வழக்கு நடந்து முடியுற வரைக்கும் அவ பிள்ளை வெளியில இருக்கட்டும்னு மட்டும்தான் கேக்குறேன்.' அவர் அன்றைக்குப் பதில் பேசவில்லை. பத்து நாள் கழித்து, தன் வீட்டு வரி ரசீதின் நகல்கள் இரண்டைக் கடைப் பையனிடம் கொடுத்து என் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். கூட ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'என் பெயர் வெளியே வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. இன்றைக்கும் வெளியே வரவில்லை.

ஜகாத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்த மஸ்அலாவை உலமாக்களிடம் கேளுங்கள், நான் சட்டக்காரன். ஆனால் கையெழுத்துக்கு ஜகாத் வேண்டியதில்லை. நேரில் வந்து நிற்பதற்கும் வேண்டியதில்லை. பணத்தைவிட உங்களுடைய பெயர்தான் அங்கே தேவைப்படுகிறது. ஊரில் உங்கள் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைத்தான் நீதிமன்றம் ஜாமீன் என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து குழந்தையின் பெயரைக் கேட்டு, மதத்தைப் பார்த்துவிட்டு உதவ வராதீர்கள். அந்தக் கொட்டடியில் ஒரே பாயில் எல்லாப் பிள்ளைகளும் படுத்திருக்கின்றன. ஒன்றுக்குப் பால் கொடுத்து மற்றொன்றைப் பார்க்க வைப்பதைவிடப் போகாமல் இருப்பது மேல்.

ஆறு வயது முடிந்தால்?

ஜாமீன் கிடைக்காத வழக்குகள் உண்டு. கொலை வழக்கு, வணிக அளவுக் கஞ்சா வழக்கு, தண்டனை உறுதியாகிவிட்ட வழக்கு. அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயது முடியும் நாள் ஒரு துக்க நாள். ஆறு வயதுக்கு மேல் பிள்ளையைச் சிறையில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே உலகம் அதுதான், தெரிந்த ஒரே உறவு அவள்தான். ஒரு காலையில் இரண்டையும் ஒன்றாக இழக்கிறது. பிறந்த நாள் நெருங்க நெருங்கத் தூக்கமில்லாமல் கிடக்கும் தாய்மார்களை நான் சந்தித்திருக்கிறேன். வயதைக் குறைத்து எழுத முடியுமா என்று என்னிடம் கேட்டவளும் உண்டு.

சட்டப்படி, தாய் விரும்பும் தகுந்த ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். அப்படி யாரும் இல்லை என்றால் சமூக நலத்துறையின் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். கூடுமானவரை அதே ஊரில். வாரத்துக்கு ஒரு முறையாவது தாயைச் சந்திக்கக் குழந்தையை அழைத்து வர வேண்டும் என்றும் 2006 தீர்ப்பு சொல்கிறது. வாரம் ஒரு முறை என்பது தாளில் எளிது. யார் அழைத்து வருவது, பேருந்துச் செலவு யாருடையது என்ற கேள்வி வரும்போது அது மாதம் ஒரு முறையாகும், பிறகு பெருநாளைக்கு ஒரு முறையாகும்.

நம் இல்லங்கள் என்ன செய்கின்றன? நான் ஒரு பிள்ளைக்காக நம்மவர் நடத்தும் யதீம்கானா ஒன்றின் படியேறினேன். பெயர் சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்கள் நடத்தும் நல்ல இல்லம் அது. நிர்வாகி கேட்டார்: 'தகப்பன் மவுத்தா?' இல்லை என்றேன். 'தகப்பன் உசுரோட இருந்தா பிள்ளை யதீம் இல்லையே, எங்க சட்டதிட்டத்துல இடமில்லையே' என்றார். சொல்லின் பொருள்படி அவர் சொன்னது சரி. தகப்பன் எங்கோ உயிரோடு இருக்கிறான், வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். தாய் உயிரோடு இருக்கிறாள், கம்பிக்குப் பின்னால். இரண்டு பேரும் உயிரோடு இருப்பதே அந்தப் பிள்ளைக்குக் குற்றமாகிவிட்டது! அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பையன் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பேருந்தின் ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான். இல்லம் நடத்தும் பெரியோர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் விதிமுறைப் புத்தகத்தில் 'சிறையில் உள்ள பெற்றோரின் பிள்ளைகளும்' என்று ஒரு வரியைச் சேர்க்க ஒரு நிர்வாகக் குழுக் கூட்டம் போதும். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வாங்கும் வேலையை எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் இலவசமாகச் செய்து தருகிறோம்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நேபாளத்தில் புஷ்பா பஸ்நேத் என்னும் கல்லூரி மாணவி, 21 வயதில், படிப்புக்காகக் காத்மாண்டுவின் பெண்கள் சிறைக்குப் போனாள். அங்கே ஒரு கைக்குழந்தை அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அதை மறக்க முடியாமல், 2005-இல் தோழிகளிடம் பணம் திரட்டி ஒரு வாடகை வீட்டில் தொடங்கினாள். சிறைப் பிள்ளைகளைக் காலையில் வெளியே அழைத்து வந்து, விளையாட வைத்து, படிக்க வைத்து, மாலையில் தாயிடம் கொண்டுபோய் விடுவார்கள். பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கும் இல்லமும் வந்தது. 2012-இல் உலகத் தொலைக்காட்சி ஒன்று அவளை அந்த ஆண்டின் நாயகியாகத் தேர்ந்தெடுத்தது. நாம் ஏழை நாடு என்று சொல்லும் நேபாளத்தில், அரசாங்கப் பதவி எதுவும் இல்லாத ஒரு பெண் செய்தது.

தென்னாப்பிரிக்காவையும் சொல்கிறேன். நெல்சன் மண்டேலா ராபன் தீவில் இருந்தபோது இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் கைதியைப் பார்க்க அனுமதி இல்லை. தன் மகள்கள் வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. 1994 மே 10 அன்று அவர் குடியரசுத் தலைவரானார். ஏழு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 27 அன்று ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். கொடுங்குற்றங்கள் நீங்கலாக, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய தாய்மார்களுக்கு மீதித் தண்டனையை நீக்கினார். தகப்பன்மாருக்கு ஏன் இல்லை என்று ஒரு கைதி வழக்குப் போட்டான். அவனுக்கும் மனைவி இறந்து, சின்னப் பிள்ளை இருந்தது. 1997-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் மண்டேலாவின் ஆணை செல்லும் என்றது. அந்தத் தகப்பனுக்காகவும் என் மனம் வருந்துகிறது, அது வேறு. சிறையில் கிடந்தவர் பதவிக்கு வந்ததும் யாரை நினைத்தார் என்று பாருங்கள்.

நம் கையில் ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் இல்லை. எனவே இந்த மண்டபத்தில் முடியக்கூடியதை மட்டும் கேட்கிறேன். வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் இரண்டு நோட்டுகள் இருக்கும். பச்சை அட்டை நோட்டில், ஜாமீன் நிற்க முன்வரும் வணிகர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். யாருக்கு ஜாமீன், என்ன வழக்கு என்று முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் அழைப்போம், வேண்டாம் என்றால் கட்டாயம் இல்லை. சிவப்பு அட்டை நோட்டு இளைஞர்களுக்கு. மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு பிள்ளையை இல்லத்திலிருந்து சிறை வாசலுக்கு அழைத்துப்போய்த் தாயைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பெண் பிள்ளைகளோடு போக உங்கள் வீட்டுத் தாய்மார்களோ சகோதரிகளோ உடன் வர வேண்டும். எனவே அவர்களிடம் கேட்டுவிட்டு நாளைக்குக்கூட வந்து எழுதலாம். போன கூட்டத்தில் பேனா இல்லை என்று பலர் எழுதாமல் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த முறை ஒரு டஜன் பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.